ராஜா பெயர் கொண்ட காகிதம்

சென்ற மாதம் ஒருநாள் காலையில், எங்கள் ஊர் வங்கிக் கிளையொன்றில், கணக்குப் புத்தகத்தில் வரவுசெலவைப் பதிந்துகொள்வதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால், தோளில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக நின்ற பெரியவர் ஒருவர், கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்த இளைஞரை நோக்கி, "தம்பி, நெல்லுக்குக் குடுத்த செக்கைப் போட்டு நாலு நாளாச்சு, பணம் ஏறிடுச்சான்னு பாருப்பா" என்றார். "இருங்க ஐயா, செக் பண்ணிட்டுச் சொல்றேன்" என்று கூறிவிட்டுக் கணிப்பொறியின் பக்கம் திரும்பிய அந்த இளைஞர் அணிந்திருந்ததோ நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட செக் சட்டை. சுவரோரத்துப் பெஞ்சியின்மேல் யாரோ விட்டுச் சென்ற மாலைப் பத்திரிகையில், ஓர் அரசியல் தலைவர் மற்றொருவருக்குச் 'செக்' வைத்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் செய்தி. பணம் கொடுக்கும் காகிதம், சரிபார்க்கும் செயல், சட்டைத் துணி, எதிரியை மடக்கும் தந்திரம் ஆகிய நான்கையும் ஒரே சொல்லால் சுட்டிக்கொண்டு, அதனால் ஒருவருக்கும் ஒரு குழப்பமும் நேராமல், அந்தச் சிறிய கூடத்தில் எல்லாரும் தத்தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றுக்கொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாதனபோல் தோன்றும் இந்த நான்கு பொருள்களும் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து விழுந்தனவல்ல. நான்கும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். அவற்றின் மூதாதை ஒரு பாரசீக ராஜா.

சதுரங்கம் என்னும் ஆட்டம் நம் பாரத தேசத்தில் தோன்றியது என்பதும், யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைக் குறித்து அதற்கு அப்பெயர் வந்தது என்பதும் பிரஸித்தமானவை. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குச் சென்ற அவ்வாட்டம் அங்கே 'சத்ரங்' ஆயிற்று. அரபியர் அந்நாட்டை வென்றபின் அவர்கள் நாவில் 'ஷத்ரஞ்ஜ்' ஆயிற்று. ஆட்டத்தின் பெயர் நம்முடையதாகவே இருக்க, ஆடும்போது எழுப்பும் குரல் மட்டும் பாரசீகர் உடையதாயிற்று. எதிரியின் அரசன் தாக்குதலுக்கு உள்ளாகும் நிலையில் ஒரு காயை நகர்த்துகிறவன், 'ராஜாவைப் பார்த்துக்கொள்' என்று எச்சரிக்கும் பாவனையில் 'ஷா' என்று கூவுவது அவர்களிடையே சம்பிரதாயம். ஷா என்றால் அரசன். டில்லி பாதுஷாக்களின் பட்டத்திலும், நம் மிட்டாய்க் கடைகளில் ஜீராவில் ஊறிக் கிடக்கும் பாதுஷாவின் பெயரிலும் ஒலிப்பது இதுவே. அந்தப் பாரசீகச் சொல்லும், ஆளும் வலிமையைக் குறிக்கும் 'க்ஷத்ர' என்னும் வடசொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் காட்டுவதால், போன ஆட்டத்தைப் போலவே வந்த குரலும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று எனலாம்.

இந்த 'ஷா' ஆட்டத்தோடு கூடவே ஐரோப்பாவுக்குப் போய், லத்தீனில் 'ஸ்காக்குஸ்' என்றும் பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்றும் திரிந்து, ஏறக்குறைய 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தில் 'செக்' ஆகக் குடியேறிற்று. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே ஆங்கிலேயர் வாயில் 'செஸ்' என்று ஆனது என்பதைச் சதுரங்கம் ஆடுகிறவர்களிலும் பலர் அறியமாட்டார்கள். செக் ஒருமை, செஸ் பன்மை. ஆகவே செஸ் என்பதற்கு நேர் அர்த்தம் சொல்லப்போனால் 'ராஜாக்கள்' என்றே சொல்லவேண்டும். ஜெர்மானியரின் 'ஷாக்', ருஷியரின் 'ஷாக்மதி', இத்தாலியரின் 'ஸ்காக்கி' எல்லாம் அந்த ராஜாவே. ஸ்பானியரும் போர்த்துகீசியரும் மாத்திரம் அரபியரிடமிருந்து ஆட்டத்தின் பெயரையே நேராக வாங்கிக்கொண்டபடியால், அவர்களுடைய 'ஆஹெத்ரேஸ்', 'ஷத்ரேஸ்' என்னும் சொற்களில் நம்முடைய சதுரங்கம் உருக்குலைந்த நிலையிலும் இன்னும் உயிரோடிருக்கிறது.

'செக்மேட்' என்பதைப் பற்றி ஒரு சிறு விவாதம் உண்டு. 'ஷா மாத்' என்ற மூலத்தை அரபிச் சொல்லாகக் கொண்டு 'அரசன் இறந்தான்' என்று பொருள் சொல்வது வழக்கம். பாரசீகச் சொல்லாகக் கொண்டு 'அரசன் திகைத்தான், செய்வதறியாது நின்றான்' என்று பொருள் கொள்வாரும் உண்டு. சதுரங்கத்தில் மற்றக் காய்களெல்லாம் வெட்டப்பட்டுப் பலகையை விட்டு நீங்கினாலும் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. நகர வழியின்றி அவன் நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஆதலால் இறந்தவனைவிடத் திகைத்தவனே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

இனி, அரசனுக்கு அபாயம் என்னும் குரல் எப்படிச் 'சரிபார்த்தல்' ஆயிற்று என்பதைக் காண்போம். 'செக்' சொல்லப்பட்ட கணமே எதிராளியின் மற்ற யோசனைகளெல்லாம் நின்றுபோகின்றன. எத்தனை அழகான திட்டம் போட்டிருந்தாலும் அதை ஒத்திவைத்துவிட்டு அவன் அரசனைக் காப்பாற்றியே தீரவேண்டும். ஆகவே செக் என்பதற்கு முதலில் பின்னடைவு என்றும், பிறகு தடை என்றும், அதன்பின் கட்டுப்பாடு என்றும் பொருள்கள் படிப்படியாகப் பெருகின. கட்டுப்பாட்டிலிருந்து சோதனைக்கு ஓரடிதான். ஒரு கணக்கப்பிள்ளை எழுதும் கணக்குக்கு மற்றொரு பிரதியை வேறொருவரிடம் எழுதி வைக்கச் சொன்னால், அந்தப் பிரதி முன்னவருடைய கையைக் கட்டும் தடை; இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் அதுவே சோதனை. இவ்வாறு பதினேழாம் நூற்றாண்டளவில் தடை என்ற சொல்லே சரிபார்த்தல் என்ற அர்த்தத்தையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு பொருளும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பார்க்க விரும்புவோர் மாநில எல்லைச் 'செக் போஸ்ட்' வரைக்கும் போய்வந்தால் போதும்: அங்கே லாரியை நிறுத்துவதும் செக், அதன் காகிதங்களைப் புரட்டிப் பார்ப்பதும் செக்.

இது குரலின் சந்ததி. பலகையின் சந்ததி வேறு வழியில் போயிற்று; எனக்கு அதிலேதான் சுவாரஸ்யம் அதிகம்.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஷெக்கியே' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில், முதலாம் ஹென்றி இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், ராஜ்யத்தின் வரவுகளைக் கணக்குப் பார்க்க ஒரு சபை கூடலாயிற்று. அதன் நடைமுறைகளை உள்ளேயிருந்தே அறிந்தவரும், இரண்டாம் ஹென்றியின் பொக்கிஷத் தலைவராக இருந்தவருமான ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 1170களின் இறுதியில் குருவும் சிஷ்யனும் உரையாடும் சம்வாத ரூபமாக அதைப்பற்றி ஒரு லத்தீன் நூலே எழுதிவைத்திருக்கிறார். அவர் வருணிக்கும் மேஜை பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ளது. மேலே வைப்பவை உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு எழுப்பியிருக்கும். அதன்மேல் கறுப்புத் துணி விரித்து, அத்துணியில் கோடுகள் இட்டிருப்பார்கள். பென்னி, ஷில்லிங், பவுண்டு, இருபது பவுண்டு, நூறு பவுண்டு, ஆயிரம் பவுண்டு என்று கோடுகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஈஸ்டரின்போதும் செப்டம்பர் இறுதியில் வரும் மைக்கேல் திருநாளின்போதுமாக ஆண்டுக்கு இருமுறை, அந்தந்தச் சீமையில் அரசனுக்காக வசூலிக்கும் ஷெரீப் அங்கே வந்து அமரவேண்டும். (நம் சென்னையிலும் முற்காலத்தில் ஷெரீப் என்று ஒரு கௌரவப் பதவி இருந்தது, அதன் பாட்டன் இந்த வசூல்காரர்தாம்.) அவர் கட்டவேண்டிய தொகைக்குரிய வில்லைகளை ஒரு வரிசையில் பரப்பி, கட்டிய தொகைக்குரியவற்றை அதன் கீழே பரப்பி, கணக்கர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார். எழுத்தறியாத ஷெரீப்பும் தாம் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். மேஜைக்கு அந்தப் பக்கம் பொக்கிஷ அதிகாரியும் இந்தப் பக்கம் ஷெரீப்புமாக எதிரெதிரே அமர்ந்து நடத்துவது ஒரு போர் என்றும், பலகையின் வடிவத்தோடு இந்தப் போரும் சேர்ந்தே அச்சபைக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் வரக் காரணம் என்றும் ஃபிட்ஸ்நீல் விளக்குகிறார். வரிபாக்கி வைத்திருந்து அதிகாரி முன் உட்கார்ந்தவர்களுக்கு அவர் சொல்வது நன்றாக விளங்கும்.

இந்த மேஜை எதற்கு, தாளில் கூட்டிக் கழித்தால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். அக்காலத்து ஆங்கிலேயரிடம் இருந்தவை ரோமானிய எண்கள். அவற்றை வைத்துக்கொண்டு கழித்தல் கணக்குப் போட முயன்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் சங்கடம் தெரியும். பூஜ்யத்தோடு கூடிய நம் எண்முறை அரபியர் வழியாக மேற்கே போய்க்கொண்டிருந்ததேயன்றி, இங்கிலாந்தின் கணக்குச் சபையை இன்னும் எட்டவில்லை. இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஆட்டம் போய்ச் சேர்ந்துவிட்டது, இந்தியாவிலிருந்து புறப்பட்ட கணக்கு போய்ச் சேரவில்லை. ஆகவே கணக்கு இல்லாத குறையை ஆட்டத்தின் பலகையைக்கொண்டு அவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்.

மேஜையின் பெயரே சபைக்கு ஆகி, சபையின் பெயர் அரசாங்கக் கஜானாவுக்கு ஆகி, 'எக்ஸ்செக்கர்' என்று நிலைத்தது. முன்னால் ஒட்டியிருக்கும் 'எக்ஸ்' லத்தீன் முன்னொட்டு என்று தவறாக எண்ணிப் பிற்காலத்தார் திருத்தியதன் விளைவு. சொல்லுக்கு அதில் உரிமை இல்லை. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றளவும் 'சான்ஸலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றே அழைக்கப்படுகிறார்.

அதே சபை ரசீது கொடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. ஒரு குச்சியை எடுத்து அதில் தொகைக்கேற்ப வெட்டுக்கள் இடுவார்கள்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறு பவுண்டுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியளவு. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து, பாதியைப் பணம் கட்டியவரிடம் கொடுத்துவிட்டு மறுபாதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். தகராறு வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டியதுதான். மரத்தின் நாரும் வெட்டுக்களும் பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் மோசடி. ரசீதுப் புத்தகத்தில் நம் பக்கம் தங்கிவிடும் துண்டைத் தமிழில் அடிக்கட்டை என்கிறோமே, இங்கிலாந்தில் அது மெய்யாகவே கட்டையாகத்தான் இருந்தது. இந்த ஏற்பாடு 1826வரை நீடித்தது. பயனற்றுக் குவிந்து கிடந்த அக்கட்டைகளை, 1834 அக்டோபர் 16ஆம் தேதி, பிரபுக்கள் சபையின் அடித்தளத்து அடுப்புகளில் போட்டுக் கொளுத்தியபோது தீ மூண்டு, பழைய பார்லிமெண்டுக் கட்டிடத்தின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பழங்கணக்கை ஒழிக்கப் போய்ச் சபையையே கொளுத்திக்கொண்டவர்கள் அவர்களைத் தவிர வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

பலகையின் மற்றொரு பிள்ளை துணி. கட்டம் கட்டமாக நிறம் மாறி வரும் துணிக்குச் சதுரங்கப் பலகையை உவமை காட்டியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 'செக்கர்' என்ற அச்சொல்லைச் சுருக்கிச் 'செக்' என்றார்கள். இங்கே நம் நாட்டுக் கதையும் வந்து கலக்கிறது. கிழக்குக் கரையில் நெய்த கட்டத் துணிகள் கம்பெனி வியாபாரக் காலத்திலும் அதற்கு முன்னும் கடல் கடந்து போயின. பழவேற்காட்டின் பெயர் திரிந்து, கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிக்காத்' என்று இன்றும் வழங்குகிறது. ஆங்கில அகராதியில் 'மதராஸ்' என்று தேடினால், ஊரோடு கூடவே கட்டம் போட்ட பருத்தித் துணி என்ற பொருளும் கிடைக்கும். 'அசல் மதராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற துணியை, நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் சடங்குகளில் உடுத்துவதோடு, அதில் சில இழைகளை மாத்திரம் நுட்பமாக அறுத்து உருவியெடுத்துத் தங்களுக்கே உரிய கோலத்தையும் உண்டாக்கிக்கொள்கிறார்கள். 1950களின் இறுதியில் அமெரிக்காவுக்குச் சென்ற மதராஸ் சட்டைகள் முதல் சலவையிலேயே சாயம் போய்ப் பெரிய ரகளையாயிற்று. வாங்கியவர்கள் கொதித்தெழ, விற்றவர்களோ சற்றும் கலங்காமல், இது சாயம் விடுவதற்கு உத்தரவாதம் உள்ள துணி என்று விளம்பரம் செய்து அக்குறையையே பெருமையாக்கி விற்றுத் தீர்த்தார்கள்.

குரலின் சந்ததியும் பலகையின் சந்ததியும் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்துவிட்டு மறுபடி சந்தித்த இடந்தான் வங்கிக் காகிதம். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில், பொற்கொல்லர்களிடம் பணத்தை ஒப்படைத்திருந்த வணிகர்கள், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று அவர்களுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுக்கு அப்போது செக் என்ற பெயர் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றால் சீட்டே அன்று, அதன் அடிக்கட்டை. கள்ளச் சீட்டைத் தடுப்பதற்காகக் கையில் வைத்துக்கொள்ளும் பாதி. ஒப்பிட்டுப் பார்க்க உதவும் தடை. பையப்பைய அப்பெயர் அடிக்கட்டையிலிருந்து நழுவி, கிழித்துக் கொடுக்கும் தாளின்மேல் ஏறிக்கொண்டது. தாளின் பெயரையும் தடை, சோதனை முதலியவற்றின் பெயரையும் ஒரே விதமாக எழுதினால் குழப்பம் வரும் என்று கருதி, எக்ஸ்செக்கரின் எழுத்துமுறையைப் பின்பற்றி வேறு விதமாக எழுதியவர் ஜேம்ஸ் வில்லியம் கில்பர்ட் என்னும் வங்கி நிபுணர். 1828இல் வெளிவந்த வங்கித்தொழில் நூலில் அவர் இதைக் கையாண்டார். பிரிட்டனும் இந்தியாவும் அவ்வழியை ஏற்றன. அமெரிக்கர் எல்லாவற்றையும் ஒரே விதமாகவே எழுதுகின்றனர். சிற்றுண்டிச்சாலையில் சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் 'செக்' கொண்டு வரச் சொன்னால் அது பில்லைத்தான் குறிக்கும் என்பதை அந்நாட்டுக்குப் போகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

'ஸக்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்ததே இந்தச் செக் என்று எழுதுகிறவர்கள் பலர். இடைக்கால அரபு வணிகரிடம் ஸக் என்ற பணவுத்தரவுச் சீட்டு இருந்தது உண்மை. ஒலியும் பொருளும் நெருங்கி வருவதும் உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் சீட்டைக் குறிக்காமல் அடிக்கட்டையைக் குறித்தது என்பதை அந்தக் கொள்கையால் விளக்க முடிவதில்லை. செய்தி ஒத்துப்போனதால் சொல்லும் ஒன்றே என்று முடிவு கட்டுவது அவசரம். அப்படிப் பார்த்தால் நம்மூர் எண்ணெய்ச் செக்கும், செக் குடியரசும் இந்த வம்சத்தில் பங்கு கேட்டு வந்து நிற்கும்.

தமிழோ இந்தப் பொருள்களுக்கெல்லாம் தனித்தனியே சொல் வைத்திருக்கிறது: தாளுக்குக் காசோலை, துணிக்குக் கட்டம், செயலுக்குச் சரிபார்த்தல், அரசியலில் தடை. பனையோலை வழக்கொழிந்த பிறகும் ஓலையைக் கைவிடாத காசோலை என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆயினும் மொழிபெயர்க்க உட்காருகிறவர் எந்தச் செக் என்று ஒரு கணம் நின்று பார்க்காவிட்டால் விபரீதம் நேரும். அரசாங்கத்தின் அங்கங்கள் ஒன்றையொன்று தடுத்துச் சமன் செய்வதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை, 'காசோலைகளும் மீதித் தொகைகளும்' என்று இயந்திரம் தமிழாக்கிய தாள் ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன்.

பெரியவரின் செக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! இளைஞர் கணிப்பொறியைப் பார்த்துவிட்டு, "ஐயா, செக் திரும்பிடுச்சு. பணம் இல்லாம இல்லை, வியாபாரி போட்ட கையெழுத்து பேங்கில இருக்கிற மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்போகலை" என்றார். கணக்கில் பணமில்லாமல் திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி வழக்குக்குப் போகலாம் என்று எனக்குத் தெரிந்ததை எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் அதற்குள் திருப்பித் தந்த தாளை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு செக்கு வாங்கிவருவதற்காகப் பதினொன்றரை மணிப் பேருந்துக்குப் புறப்பட்டுவிட்டார்.